ஒரே கிளப்புக்கு ஏன் இத்தனை அணிகள்?

கேள்வி: இங்கிலாந்தில் பணிபுரியும் என் மகன் சேர்ந்துள்ள உள்ளூர் ரக்பி கிளப்பில் மூன்று அணிகள் உள்ளனவாம். எதற்காக?
- ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: எல்லை தாண்டினால் நீங்கள் காணும் கேரளத்துச் செவன்ஸ் கால்பந்துக்கு ஏழு பேர் போதும், ரக்பியின் ஒரு வகையான ரக்பி யூனியனிலோ ஓர் அணிக்கு 15 பேர் களமிறங்குவதாலும், மோதலும் காயமும் மிகுந்த ஆட்டம் என்பதாலும், முதல் அணியில் ஒருவர் விலகினால் அவரிடத்தை நிரப்ப, இரண்டாம், மூன்றாம் அணியினரும் தொடர்ந்து ஆடிப் பழகியிருக்க வேண்டும். புதியவரான உங்கள் மகனைப் போன்றோர் ஆட்டம் கற்பதும் அங்கேதான். பல கிளப்புகளில் சிறுவர், பெண்கள் அணிகளும் உண்டு.

நம் நாட்டுக்கும் இவ்விளையாட்டில் பெருமைக்குரிய பங்குண்டு: 1878-இல் கலைக்கப்பட்ட கல்கத்தா ரக்பி கிளப், தன் இருப்பிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தளித்த கோப்பைக்காகவே இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதி வருகின்றன.