பழவேற்காட்டில் தமிழ்க்காரர்களும் தெலுங்குக்காரர்களும் ஒரே ஏரியை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்?

மொழியைப் பார்த்துப் பங்கு பிரிப்பதில்லை, குப்பத்தைப் பார்த்துத்தான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்; தெற்கு ஓரம் மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டம். 1960 எல்லைத் திருத்தத்தில் பொன்னேரி வட்டத்தின் ஒரு பகுதி அந்தப் பக்கம் போனது. நெல்லூர்க் கரைப் பட்டபு மீனவர்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான், பள்ளிக்கூடமும் அலுவலகமும் தெலுங்கு. எல்லைத் தகராறு வருவது வலை போடும் இடத்துக்காக.

அந்த இடத்துக்குப் பெயர் பாடு. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஓதத்தோடு, அதாவது கடல் நீர் ஏறும்போது, முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, நீர் வடியும்போது கடலுக்குத் திரும்பும். அந்த வழியில் கழி நட்டு வலை கட்டினால் நல்ல பாடு. அப்படிப்பட்ட இடம் கொஞ்சம்தான் என்பதால், கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் மூன்றும் முறை வைத்து மாறி மாறி இறங்கும். ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். தலைக்கட்டுக் கணக்கில், அதாவது ஊரின் குடும்பக் கணக்கில், பெயர் இருந்தால்தான் முறை கிடைக்கும்.

இதெல்லாம் முகத்துவாரம் திறந்திருக்கும்வரைதான். வடகிழக்கு மழையில் ஆரணியாறும் காளங்கியும் தள்ளும் வெள்ளம் வாயைத் திறந்து வைக்கும். கோடையில் அந்த வேகம் போய்விடும்; கரையோரமாக அலை இழுத்துவரும் மணல் வாயை அடைக்கும். பிறகு உள்ளே வெயிலில் நீர் வற்றி உப்பு ஏறும், குஞ்சுக்கும் வழியில்லை. இயந்திரத்தால் வெட்டிவிட்டாலும் அடுத்த கோடையில் மூடிக்கொள்ளும். அலைத்தடுப்புச் சுவர் கேட்டு மீனவர்கள் போராடியது இதனால்தான்.

டச்சுக்காரர்களும் இந்த நீர்வழிக்கு அருகில்தான் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி ஏற்றினார்கள், வெடிமருந்து செய்தார்கள், அடிமைகளைக்கூடப் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று புதர் மூடிய மேடு. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கிய கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது, அவசியம் பாருங்கள்.

பாடு முறை சண்டையைக் குறைக்கிறது, உண்மை. ஆனால் அது ஒரு சாதிக்குள் நிற்கும் உரிமை. இருளர் பழங்குடியினருக்கு அதில் இடமில்லை. பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பொறுக்குகிறார்கள். அவர்களுக்கும் ஒரு முறை ஒதுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.