கீழ்ப்படிதலும் சம்பள அட்டையும்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. 'மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்' என்று அப்போஸ்தலர் பவுல் எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் (பைபிள்) வரும் வசனத்தைக் காட்டி, என் சம்பள ஏ.டி.எம். அட்டையைக் கணவர் வாங்கி வைத்துக்கொண்டார். பவுல் இதைத்தான் போதிக்கிறாரா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லை, சகோதரி. அவர் காட்டுவது 5ஆம் அதிகாரத்தின் 22ஆம் வசனம். அதற்கு முந்தைய வசனமோ 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்று எல்லாரையும் பார்த்துச் சொல்கிறது. குடும்பத் தலைவனுக்கு வீட்டார்மீது பெரும் அதிகாரத்தை ரோமச் சட்டம் தந்திருந்த காலத்தில், மனைவியரிடம் மூன்று வசனங்களோடு நிறுத்திக்கொண்ட பவுல், 25ஆம் வசனம் முதல் அதிகாரத்தின் இறுதிவரை பெரும்பாலும் கணவரிடமே பேசி, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூரச் சொல்கிறார். ஒப்புக்கொடுக்கச் சொன்னாரே தவிர, பறித்துக்கொள்ளச் சொல்லவில்லை. (இந்தப் பகுதியை நம் திருமண ஆராதனைகளில் முழுதாக வாசிக்கக் கேட்டவர்கள், வீடு திரும்பியதும் 22ஐ மட்டும் நினைவில் வைத்திருப்பது விந்தைதான்.) 1 கொரிந்தியர் 7:4, கணவனின் சரீரத்தின்மீது மனைவிக்கும் அதிகாரம் உண்டு என்கிறது.

கணவனே தலை என்று உறுதியாகப் போதிக்கும் சபைகளும் உண்டு. அவையும் அந்தத் தலைமையைக் கிறிஸ்துவின் தியாகத்தை வைத்தே அளக்க வேண்டும். ஒரு வசனத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்கக் கூடாது; அதுபோலவே, சபையில் பெண்கள் பேசலாகாது என்னும் 1 கொரிந்தியர் 14:34ஐயும், பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் இயல்பாகக் குறிப்பிடும் அதே கடிதத்தின் 11:5ஐயும் சேர்த்தே வாசிக்க வேண்டும். இருவருமாக உங்கள் ஆயரைச் சந்தியுங்கள். அதுவரை அட்டையைத் திரும்பக் கேட்டு வாங்கி, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.