அகதிகள் வந்து குடியேறினால் உள்ளூரின் பாதுகாப்பும் உறவும் கெடுமா?

எங்கள் ஊரில் பார்த்ததைச் சொல்கிறேன். 1990 ஜூனில் இலங்கையில் போர் மறுபடி மூண்டபோது ராமேஸ்வரம் பக்கம் கரையேறியவர்களில் சில குடும்பங்களை மதுரை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் கொண்டுவந்து வைத்தார்கள். பத்துக்குப் பத்தில் தார்ச்சீட்டுக் குடிசைகள். எனக்கு அப்போது பத்து வயது.

முதல் சண்டை குழாயடியில்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீருக்கு வரிசை இரண்டு மடங்கானது. அடுத்து கூலி. முகாம் ஆட்கள் பெயிண்ட் அடிக்கவும் சித்தாள் வேலைக்கும் குறைந்த கூலிக்கே போனார்கள். என் சித்தப்பா இரண்டு மாதம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய கோபத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் கூலியைக் குறைத்த மேஸ்திரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாதுகாப்புக் கதை வேறு. 1982இல் சென்னை பாண்டி பஜாரில் துப்பாக்கிச்சூடு, 1986இல் சூளைமேட்டில் துப்பாக்கிச்சூடு, 1990இல் கோடம்பாக்கத்தில் ஈழ இயக்கத் தலைவர் பத்மநாபா கொலை, 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. துப்பாக்கியும் குண்டும் இங்கே வெடித்தது உண்மைதான். வெடிக்க வைத்தவை ஈழத்து ஆயுத இயக்கங்கள். அவற்றில் பலவற்றுக்குப் பயிற்சி கொடுத்ததும் இந்திய அரசுதான். குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு அதில் என்ன பங்கு?

பழி மட்டும் அவர்கள்மேல் விழுந்தது. என்னோடு ஒரே பெஞ்சில் படித்த தோழியின் அம்மா அடிக்கடி இடியப்பமும் சொதியும் கொண்டுவருவார். அந்த மே மாதத்துக்குப் பிறகு ஒருநாள் வந்தபோது, பாட்டி தூக்குச்சட்டியை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "பரவாயில்லை அம்மா, பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும் என்ற கெடுபிடியும் வந்தது. யார் வீட்டில் என்ன காணாமல் போனாலும் போலீஸ் முதலில் அங்கேதான் போகும்.

சரியானது எப்படி என்றால், பஞ்சாயத்து முகாம் ஓரத்தில் ஒரு போர்வெல் போட்டு இரண்டு பக்கமும் குழாய் வைத்தது. குழாயடிச் சண்டை அந்தக் கோடையோடு நின்றது. எங்களை ஒரே பள்ளியில் படிக்கவிட்டது அதைவிடப் பெரிய காரியம். பாட்டியும் கடைசிக் காலத்தில் அந்த அம்மாவிடம் சொதி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

2021இல் தமிழக அரசு முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. தோழியின் மகன் இங்கேயே பிறந்து, இன்ஜினீயரிங் முடித்து, சென்னையில் வேலை பார்க்கிறான். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளென்றால் இன்னும் லீவு போட்டுவிட்டு, ராத்திரி பஸ் பிடித்து வந்து கையெழுத்துப் போடுகிறான்.