அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜானி கார்சன் விடைபெற்றபோது, அவரை நேரில் பார்த்தே இராதவர்கள் ஏன் கண் கலங்கினார்கள்?

இதை ஒருதலை நெருக்கம் என்று சொல்லலாம். பார்ப்பவருக்கு அவரை நன்றாகத் தெரியும், அவருக்குப் பார்ப்பவரைத் தெரியாது. டொனால்ட் ஹார்டன், ரிச்சர்ட் வோல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

காரணம் பெரும்பாலும் பழக்கம்தான். கார்சன் 1962 அக்டோபர் முதல் 1992 மே 22 வரை என்பிசி தொலைக்காட்சியின் ‘டுநைட் ஷோ’ என்ற பின்னிரவு அரட்டை நிகழ்ச்சியை நடத்தினார். நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் எட் மக்மேன் அவர் பெயரை இழுத்துக் கூப்பிடுவார், திரை விலகும், கார்சன் வந்து அன்றைய செய்திகளைக் கிண்டலடிப்பார், இல்லாத கோல்ஃப் மட்டையை ஒரு வீசு வீசுவார். எல்லாம் நேரே நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பாவனையில். அதுவும் பிள்ளைகள் தூங்கிய பின், பாதி உறக்கத்தில் இருக்கும் நேரத்தில்!

தினமும் கடைசி பஸ்ஸில் வரும் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்கூடத் தெரியாது, ஆனால் அவர் ஓய்வு பெற்றால் அந்தப் பயணமே வேறு மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், 30 வருடம் சும்மா இல்லை. கல்லூரி வயதில் பார்க்கத் தொடங்கியவர் கடைசி நாளில் ஐம்பதைத் தொட்டிருப்பார். அவர் தன் இளமைக்கும் சேர்த்துத்தான் அழுதார் என்பது என் கணிப்பு. கடைசிக்கு முந்தைய இரவு பாடகி பெட் மிட்லர் பாடியபோது கார்சனுக்கே கண் கலங்கியது.

தனிமையில் வாடுபவர்களுக்குத்தான் இப்படி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பம், நண்பர்கள் என்று நிறைவாக வாழ்பவர்களுக்கும் இது சகஜம்.