பேக்ஹோ சக்‌ஷன் ஹோஸ் லீக் – டேங்க் ஆயில் முழுசா இறக்கணுமா?

ஆயில இறக்காமலும் சக்‌ஷன் ஹோஸ (ஹைட்ராலிக் டேங்க்குல இருந்து பம்புக்கு ஆயில் போற குழாய்) மாத்தலாம் நண்பா. நீங்க சொன்ன மாதிரி வண்டி நிக்கும்போது சொட்டுது, ஓடும்போது சொட்டலன்னா லீக் நின்னுடுச்சுன்னு அர்த்தம் இல்ல, பம்ப் அதே ஓட்டை வழியா காத்த இழுக்குது. டேங்க் ஆயில் நுரைச்சு மோர் மாதிரி இருக்கா, பம்ப் ஊளையிடுதான்னு பாருங்க, அப்படின்னா இனிமே ஓட்டாதீங்க.

பக்கெட், பூம் எல்லாம் தரையில இறக்கி, இன்ஜின் ஆஃப் பண்ணி, லீவர்களை ஆட்டி பிரஷர விட்டுடுங்க. ஆயில் ஃபில்லர் வாயில வேக்யூம் கிளீனர் ஹோஸ வச்சு சுத்தி துணியால அடைச்சு ஓடவிட்டா டேங்க்குல ஆயில் அப்படியே நிக்கும், அந்த கேப்புல ஹோஸ கழட்டி மாட்டிடலாம். கீழ பெரிய டிரேயும் இருக்கட்டும், நான் ஒருதடவை வேணாம்னு விட்டு குளிச்சுட்டேன்.

ஹோஸ் மட்டும் உள்ள ஸ்பிரிங் கம்பி வச்ச சக்‌ஷன் ஹோஸா வாங்குங்க, கடையில எஸ்ஏஇ 100ஆர்4 (அந்த வகை ஹோஸோட தரக் குறியீடு)னு கேளுங்க. ரேடியேட்டர் ஹோஸ் போட்டா இழுவைக்கு சப்பிப் போய் பம்ப் பட்டினி கிடக்கும். ஹோஸ இறுக்குற கிளாம்ப் டி-போல்ட் டைப்பா (போல்ட், நட் போட்டு முறுக்குறது) போடுங்க. மாட்டினதும் ரேஸ் பண்ணாம கொஞ்ச நேரம் ஐட்லிங்ல விட்டு ஆயில் லெவல் பாருங்க.