பைசார்முக்குப் பணம் கட்ட வேண்டுமா, பழைய மடிக்கணினி போதுமா?

கேள்வி: குடியாத்தத்தில் கைத்தறி லுங்கித் தொழில் செய்கிறேன். பொறியியல் முதலாண்டு படிக்கும் என் மகள் மாலை வேளையில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கிறாள். பாடம் பைசார்ம் என்ற மென்பொருளில்தான் நடக்குமாம். அதற்கு உரிமக் கட்டணமாக 6,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். வீட்டில் இருக்கும் 4 ஜிபி ரேம் கொண்ட மடிக்கணினி உதவாது, புதியது வாங்குங்கள் என்றும் சொல்கிறார்கள். அந்த மென்பொருள் அவ்வளவு நல்லதா? இந்தச் செலவெல்லாம் தேவைதானா?

பதில்: பைத்தான் நிரலை எழுதவும் ஓட்டிப் பார்க்கவும் உதவும் இந்த மென்பொருள் நல்லதுதான். ஆனால் உரிமத்திற்கென்று நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. புதிய மடிக்கணினியையும் இப்போதே வாங்க வேண்டாம்.

பைசார்மை உருவாக்கியது செக் நாட்டின் பிராகு நகரில் தொடங்கப்பட்ட ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம். 2010இல் வெளிவந்த இந்த மென்பொருள் நெடுங்காலம் கம்யூனிட்டி என்ற இலவசப் பதிப்பாகவும், புரொஃபெஷனல் என்ற கட்டணப் பதிப்பாகவும் தனித்தனியே கிடைத்தது. 2025ஆம் ஆண்டின் முதல் வெளியீட்டிலிருந்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இப்போது பதிவிறக்குபவருக்கு முதல் ஒரு மாதம் கட்டண வசதிகள் அனைத்தும் திறந்திருக்கும்; மாதம் முடிந்ததும் பணம் கட்டினால் அவை தொடரும், கட்டாவிட்டால் அடிப்படைப் பகுதி இலவசமாகவே தொடர்ந்து இயங்கும். ஒரு மாதம் கழித்துச் சந்தா கேட்டுத் திரையில் பெட்டி வருவதைப் பார்த்துவிட்டு, இனிப் பணம் கட்டினால்தான் வேலை செய்யும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். முதலாண்டு மாணவிக்கு வேண்டிய எல்லாமே அந்த இலவசப் பகுதியில் இருக்கின்றன. அதற்கும் மேல் வேண்டுமென்றாலும், கல்லூரி மின்னஞ்சல் முகவரியையோ மாணவர் அடையாளச் சான்றையோ காட்டி, மாணவர்களுக்கான முழு உரிமத்தை அந்த நிறுவனத்திடமே நேரடியாக, விலையின்றிப் பெறலாம். படிக்கும் காலம் வரை ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஆகவே மையத்தாரிடம் இரண்டு கேள்விகளை எழுத்திலேயே கேளுங்கள். இந்த 6,500 ரூபாய்க்கு உரிமம் யார் பெயரில் வரும்? ரசீதில் என்ன பெயரிட்டு எழுதுவீர்கள்? நிறுவித் தருவதற்கான கூலி என்றால் அதை அப்படியே சொல்லிக் கேட்கட்டும். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். உரிமம் என்று சொல்லிவிட்டுப் பூட்டு உடைத்த பிரதியை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றுவார்களானால், கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அத்தகைய பிரதிகளோடு என்னென்ன வேண்டாத நிரல்கள் ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது, அதே கணினியில்தான் உங்கள் குடும்பத்தின் வங்கிக் கணக்கும் திறக்கப்படும். இலவசமாகக் கிடைப்பதை உரிமத் தொகை என்று சொல்லி ஏற்கெனவே வசூலித்திருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்கு அங்கே கட்டணம் கிடையாது. எதற்கும் ரசீது கையில் இருக்க வேண்டும்.

இனி மென்பொருளின் தரத்திற்கு வருவோம். பைசார்மின் மிகப் பெரிய பலம் அதன் பிழைதிருத்தும் கருவி என்பேன். வரி எண்ணுக்குப் பக்கத்தில் ஒருமுறை சொடுக்கினால் சிவப்புப் புள்ளி விழும். நிரலை டீபக் எனப்படும் பிழைதேடும் முறையில் ஓடவிட்டால் அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடும். அந்த நேரத்தில் ஒவ்வொரு மாறியிலும் (மதிப்பைத் தாங்கும் பெயரிலும்) என்ன மதிப்பு இருக்கிறது என்பது அந்தந்த வரியின் ஓரத்திலேயே மங்கலான எழுத்தில் தெரியும். மொத்தம் ஏன் தவறாக வருகிறது என்று பக்கம் பக்கமாக அச்சிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர், எந்தச் சுற்றில் எந்த எண் பிசகியது என்பதைத் தம் கண்ணாலேயே கண்டுகொள்வார். இதைத் தவிர, நிரலை ஓட்டும் முன்பே எழுத்துப் பிழைகளைக் கோடிட்டுக் காட்டுவது, ஒரு மாறியின் பெயரை மாற்றினால் எல்லாக் கோப்புகளிலும் சரியாக மாற்றித் தருவது, கை தவறி அழித்த பகுதியை லோக்கல் ஹிஸ்டரி என்ற பதிவிலிருந்து மீட்டுத் தருவது ஆகியவையும் அன்றாடம் கைகொடுப்பவை.

குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது, அது நினைவகத்தை விழுங்கும். 8 ஜிபி ரேம் இருப்பது நல்லது என்று தயாரித்த நிறுவனமே சொல்கிறது. உங்களுடையதைப் போன்ற 4 ஜிபி கணினியில் விண்டோஸே ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பைசார்மையும் உலாவியையும் ஒன்றாகத் திறந்தால், எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் வரும்வரை காத்திருக்க நேரும். புதிய புராஜெக்டைத் திறந்தவுடன் கோப்புகளையெல்லாம் படித்து அட்டவணை போட்டுக்கொள்வது அதன் வழக்கம். அந்த வேலை முடியும்வரை, அதிலும் பழைய சுழல் ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில், கீழே ஓடும் பட்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஃபைல் மெனுவில் உள்ள பவர் சேவ் மோடு பின்னணி வேலைகளை நிறுத்தி ஓரளவு உதவும். ஆனால் அதை இயக்கினால், ஓட்டும் முன்பே பிழை காட்டும் அந்த நல்ல வசதியும் சேர்ந்து நின்றுவிடும்.

இரண்டாவது குறையைக் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனிச் சூழலை, அதாவது அதற்கெனத் தனியான பைத்தானையும் நூலகங்கள் எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்புகளையும், பைசார்ம் தானாகவே அமைத்துத் தந்துவிடும். இது சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எப்படி அமைந்தது என்றே தெரியாமல் கற்ற மாணவர், அதே நிரலைக் கல்லூரி ஆய்வகத்தில் கட்டளைத் திரையிலிருந்து ஓட்டும்போது, நூலகம் இல்லை என்ற செய்தியைக் கண்டு விழிக்கிறார். நூலகம் ஒரு பைத்தானில் இருக்கிறது, ஓடுவதோ இன்னொரு பைத்தான். பைசார்மில் கற்பவர் அந்தச் சூழலைக் கையால் ஒருமுறையேனும் உருவாக்கி, பிப் கட்டளையால் ஒரு நூலகத்தை நிறுவிப் பார்த்துவிட வேண்டும். உங்கள் மகளிடம் இதை மறவாமல் சொல்லுங்கள்.

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இருக்கும் மடிக்கணினியிலேயே பைசார்மை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். தாங்க முடியாத மந்தம் என்றால், ரேமைக் கூட்ட முடியுமா, ஹார்டு டிஸ்கை அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகமாக மாற்ற முடியுமா என்று வேலூரிலோ குடியாத்தத்திலோ நம்பகமான பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள். சில மாடல்களில் ரேம் பலகையோடே பற்றவைக்கப்பட்டிருக்கும், அதில் கூட்ட இயலாது. ஆகவே கழற்றிப் பார்த்த பிறகே பொருளுக்கு முன்பணம் கொடுங்கள். முடிகிற மாடலாக இருந்தால், இந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்தே புதிய மடிக்கணினியின் விலையில் சிறு பங்குக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேள்வி: சோளிங்கர் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் 12ஆம் வகுப்புக்குக் கணினி அறிவியல் நடத்துகிறேன். பாடநூலில் பைத்தானோடு வரும் ஐடில் என்ற எளிய நிரல் எழுதும் கருவிதான் இருக்கிறது. மாணவர்களைப் பைசார்முக்கு மாற்றலாமா?

பதில்: ஆய்வகக் கணினிகள் பழையவை என்றால் மாற்ற வேண்டாம், ஐயா. ஐடில் தனியே நிறுவத் தேவையில்லாதது, உடனே திறப்பது, தேர்வுக்கும் பொருந்துவது. அதற்கு அடுத்த படியாக எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் கற்போருக்கென்றே உருவான தான்னி என்ற நிரல் எழுதும் மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். அது இலவசம், தன் பைத்தானைத் தானே கொண்டுவருவது, எளிய கணினியிலும் ஓடுவது. 2 + 3 × 4 போன்ற ஒரு கோவையின் எந்தப் பகுதி முதலில் கணக்கிடப்படுகிறது, எது பின்னர் என்பதைப் படிப்படியாகப் பெட்டிகளில் காட்டும். பைசார்மின் பிழைதிருத்தி வரி வரியாக நகரும். தான்னியோ ஒரு வரிக்குள்ளேயே நுழைந்து காட்டுகிறது.

ஒரு சோதனையை வகுப்பில் செய்து பாருங்கள். ‘வேலூர்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 6 என்று விடை வரும். மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஏன் ஆறு என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லை ஒவ்வொரு எழுத்தாக ஒரு சுற்றில் ஓடவிட்டு, மாறிகளின் பலகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து நிற்கும். கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு தமிழை எப்படிச் சேமிக்கிறது என்ற பாடமும் அங்கேயே முடிந்துவிடும். பெரிய புராஜெக்டுகளுக்குத் தான்னி போதாது. பள்ளிக்கு அந்தக் கவலை இல்லை.

கேள்வி: காட்பாடியில் இறுதியாண்டு படிக்கிறேன். மாணவர் உரிமத்தில் பைசார்ம் வைத்திருக்கிறேன். ஆற்காட்டில் ஒரு கடைக்கு ஜாங்கோ என்ற பைத்தான் இணையக் கட்டமைப்பில் இணையதளம் செய்து தர முன்பணம் வாங்கியுள்ளேன். அதே உரிமத்தில் செய்யலாமா? அல்லது விஎஸ் கோடு என்ற வேறு நிரல் எழுதும் மென்பொருளுக்கு மாறிவிடலாமா?

பதில்: அதே உரிமத்தில் செய்யக் கூடாது. மாணவர் உரிமம் கற்பதற்கு மட்டுமே தரப்படுவது, பணம் பெறும் வேலை அதில் அடங்காது. பைசார்மின் இலவச அடிப்படைப் பகுதியில் ஜாங்கோ நிரலை எழுதலாம், ஓட்டலாம். ஜாங்கோவுக்கென்றே உள்ள சிறப்பு உதவிகள்தாம் கட்டணப் பகுதியில் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட விஎஸ் கோடு வணிக வேலைக்கும் இலவசம், நினைவகமும் குறைவாகவே எடுக்கும். ஆனால் அது திறந்தவுடன் பைத்தானுக்கு ஆயத்தமாக இருக்காது. பைத்தானைத் தனியே நிறுவி, பைத்தான் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) சேர்த்து, எந்தச் சூழல் என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கண்டதையெல்லாம் நீட்சியாக ஏற்றிக்கொண்டே போனால் அதுவும் கனத்துவிடும். வாக்களித்த நாளுக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்றால், கை பழகிய பைசார்மின் இலவசப் பகுதியிலேயே இதை முடியுங்கள். விஎஸ் கோடை அடுத்த வேலைக்கு முன் நிதானமாகப் பழகிக்கொள்ளுங்கள்.