மெட்டுப் போடுகிறவர் வரி மட்டும் எழுதலாமா?

கேள்வி: இசையமைப்பில் பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளாகின்றன. மேடை இசை நாடகங்களுக்கு இசையமைப்பதே என் இலக்கு. இப்போது ஒரு நாடகக் குழு பாடல் வரிகளை மட்டும் எழுதித் தரக் கேட்கிறது. இசை வேறொரு மூத்தவருடையது. ஒப்புக்கொண்டால் பாடலாசிரியர் என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.
- வாசகி, லண்டன்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, இதே குழப்பம் நியூயார்க்கில், பின்னாளில் இசை நாடக இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற ஸ்டீபன் சோண்ட்ஹைமுக்கும் வந்தது. 1957இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் இசைக்கு வரி எழுதியிருந்த அவர், அடுத்த நாடகமான 'ஜிப்ஸி'க்குத் தாமே இசையமைக்கலாம் என்று நம்பியிருந்தபோது, பெயர் தெரியாத இசையமைப்பாளர் வேண்டாம் என்று நாயகி எதெல் மெர்மன் மறுத்துவிட, இசைப் பொறுப்பு ஜூல் ஸ்டைனிடம் போனது. விலக நினைத்தவரிடம் குரு ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் கறாராகக் கணக்குச் சொன்னார்: ஒரு நட்சத்திரத்தின் குரலுக்கு எழுதிப் பழகும் வாய்ப்பு எளிதில் அமையாது; நஷ்டமானாலும் ஆறு மாதம்தான். சோண்ட்ஹைம் வரி மட்டும் எழுதினார்.

உங்கள் அச்சம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 1962இல் இசை, வரி இரண்டும் தாமே எழுதி அவர் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்கு முதன்முதலாகக் கொண்டுவந்த நகைச்சுவை நாடகம் 964 காட்சிகள் ஓடிச் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி என்ற பிராட்வே விருதையும் பெற்றது. அதன் இசையோ பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. இசைக்கும் வரிக்கும் தனித்தனியாக விருது தந்த 1971இல்தான், 'கம்பெனி' என்ற நாடகத்துக்காக இரண்டையும் அவர் வாங்கினார்.

ஆனாலும் அந்த 1962 நாடகத்தின் கதையைக் கேளுங்கள். வாஷிங்டனில் நடந்த முன்னோட்டக் காட்சிகளில் அரங்கம் சிரிக்கவே இல்லை. பார்க்க வந்த ஜெரோம் ராபின்ஸ், தொடக்கப் பாட்டு மென்மையாக இருப்பதால் வரப்போவது கூத்தும் கும்மாளமும் என்பது பார்வையாளருக்குத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார். சோண்ட்ஹைம் அதை எடுத்துவிட்டு, இன்றிரவு சிரிக்கத்தான் போகிறீர்கள் என்று நேராகவே அறிவிக்கும் பாட்டை எழுதினார்; நாடகம் பிழைத்தது. எடுத்த பாட்டு நல்ல பாட்டுதான், இடம்தான் தவறு. இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்த ராபின்ஸ் யார் தெரியுமா? சோண்ட்ஹைம் வரி மட்டும் எழுதிய முதல் இரண்டு நாடகங்களையும் இயக்கியவர்.

ஆகவே ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் எல்லா ஒத்திகைகளிலும் உட்கார உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும், ராயல்டியில் உங்கள் பங்கையும், சுவரொட்டியில் உங்கள் பெயர் வருவதையும் ஒப்பந்தத்தில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். பாடகிக்கு எட்டாத சுருதியை எப்படி இறக்குகிறார்கள், காட்சி மாறும் நேரத்துக்கு இசையை எப்படி நீட்டுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். வேலை இருந்தால் அதை விட்டுவிட வேண்டாம். உங்கள் சொந்த நாடகத்துக்கான மெட்டுகளும் நிற்க வேண்டாம்.

சோண்ட்ஹைம் 1965இல் மூன்றாம் முறையும் பிறர் இசைக்கு, அதாவது ரிச்சர்ட் ராட்ஜர்ஸுக்கு, வரி எழுதப் போய்க் கசப்போடுதான் திரும்பினார். உங்களுக்கு இது முதல் அழைப்பு. இதே மாதிரி இன்னொன்று வந்தால் மறுபடி எழுதுங்கள். என் பதில் அப்போது வேறாக இருக்கலாம்.